கம்பி சுமக்குமா ஒரு மணி அரிசியை?

“சொல்லைக் கம்பி வழியே அனுப்பினோம். குரலை அனுப்பினோம். படத்தை அனுப்பினோம். இனிப் பொருளை அனுப்புவது மட்டும் எப்படி முடியாமற் போகும்?” இவ்வாறு கேட்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். இவர்கள் படிக்காதவர்கள் அல்லர். கணிப்பொறியையும் பொறியியலையும் கற்றுத் தேர்ந்தவர்கள். பங்கின் இளையோர் கூட்டங்களிலும், ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்திலும் இக்கருத்தைத் தயக்கமின்றிச் சொல்லுகிறவர்கள். இன்னும் ஐம்பது ஆண்டில், துபாயிலிருந்து மகன் ஒரு விசையை அழுத்தக் குளச்சலில் தாயின் கையில் மருந்துக் குப்பி வந்து சேரும். நூறு ஆண்டில் மகனே வந்து நிற்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. மறுத்துப் பேசினால், “விமானம் பறக்காது என்று சொன்னவர்களும் உங்களைப் போன்றவர்களே” என்று நகைக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையை மறுப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அறிவியல் கற்பனை என்று இதை ஒதுக்கிவிடலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். குமரி மாவட்டத்தில் வாழும் நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. யாரேனும் ஒருவரைக் கடலுக்கோ, கடல் கடந்த நாட்டுக்கோ அனுப்பாத தெரு நம் ஊர்களில் அரிது. எதைக் கம்பி வழியே அனுப்பலாம், எதைச் சுமந்தே கொண்டுவர வேண்டும் என்பது நமக்கு அன்றாட வினா. இதில் தவறான விடையைப் பழகிக்கொண்டால், எளிதில் அனுப்பக்கூடியதை மட்டும் அனுப்பிவிட்டு, அனுப்ப இயலாததையும் கொடுத்துவிட்டதாக மனநிறைவு கொண்டுவிடுவோம்.

பணம் போகவில்லையா?

எதிர்த் தரப்பார் முதலில் காட்டும் சான்று பணம். “பணம் ஒரு பொருள்தானே? அது நொடியில் வந்து சேரவில்லையா?” என்கின்றனர்.

பணம் எவ்வாறு வருகிறது என்று சற்றே நின்று பார்ப்போம். இந்திய அஞ்சல் துறை 1880-ஆம் ஆண்டு மணியார்டர் பணியை ஏற்றுக்கொண்டது. பம்பாயில் ஒருவர் பத்து ரூபாய் கட்டினார் என்றால், அந்த நோட்டு பயணம் செய்யவில்லை. பயணம் செய்தது ஒரு தாள்; பின்னாளில் ஒரு தந்திச் செய்தி. தபால்காரர் வீட்டுத் திண்ணையில் எண்ணிக் கொடுத்த ரூபாய், உள்ளூர் அஞ்சலகத்தின் பெட்டியில் ஏற்கெனவே இருந்த ரூபாய். இன்றைய வங்கிப் பரிமாற்றத்திலும் நடப்பது இதுவே. ஓர் ஏட்டில் ஒரு தொகை குறைகிறது; இன்னோர் ஏட்டில் அதே தொகை கூடுகிறது.

நம் பகுதியிலும் மலையாள நாட்டிலும் வழங்கும் ‘குழல் பணம்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ஏதோ ஒரு குழலின் ஒரு முனையில் பணத்தைப் போட்டால் மறு முனையில் வந்து விழுவது போன்ற தோற்றத்தை அச்சொல் தருகிறது. உண்மையில் குழல் ஏதும் இல்லை. சட்டம் தடுத்துள்ள அந்த வழியில், அங்கே ஒருவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு தகவல் சொல்லுகிறார். இங்கே இன்னொருவர் வேறு நோட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து தருகிறார். குழல் என்னும் சொல் அந்த மடியையும், அதைச் சுமந்து நடந்த ஆளையும் மறைத்துவிடுகிறது.

பணம் அடிப்படையில் ஒரு வாக்குறுதி. ‘இத்தொகைக்கு உரியவர் இவர்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வாக்குறுதி சொல்லால் ஆனது. ஆகையால் சொல் செல்லும் வழியில் அதுவும் செல்லும். நாஞ்சில் நாட்டு வயலில் விளைந்த அரிசியோ, ஈத்தாமொழித் தேங்காயோ, தோவாளைப் பிச்சிப்பூவோ வாக்குறுதி அல்ல. அவற்றுக்கு எடை உண்டு, மணம் உண்டு, அழுகும் காலமும் உண்டு. பணத்தைக் காட்டி அரிசிக்கு வழக்காடுவது, சீட்டைக் காட்டிப் பந்தி பரிமாறுவது போன்றது.

மூன்று வழிகள்

அப்படியானால் அரிசியையே எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் மூன்று வழிகளைக் காட்டுகின்றனர். ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பொருளை ஆற்றலாக்கி அனுப்பி, அங்கே மீண்டும் பொருளாக்குவது முதல் வழி. பொருளும் ஆற்றலும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டினார் அன்றோ என்பர். காட்டியது உண்மை. அவர் தந்த கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசி முழுவதையும் ஆற்றலாக்கினால் ஏறத்தாழ 2,500 கோடி யூனிட் மின்சாரத்துக்கு ஈடாகும். நமக்கு அண்மையிலுள்ள கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும், தலைக்கு 1,000 மெகாவாட் வீதம், ஒரு நொடியும் நில்லாமல் ஓராண்டும் ஐந்து மாதமும் ஓடினால்தான் அத்தனை மின்சாரம் கிடைக்கும். அதை ஒரே சமயத்தில் வெளியிட்டால், 1945-இல் ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப் போன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் ஒருங்கே வெடித்ததற்கு ஒப்பாகும். ஒரு வேளைச் சோற்றுக்காக இவ்வழியைப் பரிந்துரைப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பொருளை அணு அணுவாகப் படித்து, அந்த விவரத்தை மட்டும் அனுப்பி, அங்கே புதிதாகக் கட்டுவது இரண்டாம் வழி. இது கேட்பதற்குச் சற்று நியாயமாகத் தோன்றும். ஆயினும் ஒரு மணி அரிசியின் எடை சுமார் 20 மில்லிகிராம். அதற்குள் இருக்கும் அணுக்களை எண்ணினால் 15 என்ற எண்ணை அடுத்து 20 சுழிகள் இட வேண்டும். ஓர் அணுவுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒரே ஒரு குறி போதும் என்று மிகத் தாராளமாக விட்டுக்கொடுப்போம். நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் குறிகளை ஏந்திச் செல்லும் கம்பி கிடைத்ததாகவும் கொள்வோம். அப்போதும் அந்த ஒரு மணி அரிசியின் விவரம் போய்ச் சேர ஏறத்தாழ 47 ஆண்டுகள் ஆகும். ஒரு கிலோவில் ஐம்பதாயிரம் மணிகள் இருக்கும். மனித உடலில் உள்ள அணுக்களோ 7 என்ற எண்ணை அடுத்து 27 சுழிகள். அவற்றுக்கு அதே கம்பியில் 22 கோடி ஆண்டுகள் தேவைப்படும். குளச்சலில் காத்திருக்கும் தாய் அதுவரை காத்திருக்க மாட்டார்.

“கம்பியின் வேகம் கூடும், விவரத்தைச் சுருக்கியும் அனுப்பலாம், எல்லா அணுவும் எதற்கு? அரிசி எவ்வாறு அமைந்தது என்னும் முறை தெரிந்தால் போதாதா?” என்று நம் நண்பர்கள் வாதத்தைத் திருத்திக்கொள்வர். சரி. ஆனால் முறையை மட்டும் அனுப்புவது சமையல் குறிப்பை அனுப்புவதாகும். குறிப்பு கிடைத்தவர் உலை வைக்க வேண்டும், பாண்டம் வேண்டும், தானியம் வேண்டும். இத்திருத்தத்தைச் சொன்ன அந்த நொடியிலேயே, பொருளை அனுப்பும் வழக்கை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வழி குவாண்டம் டெலிபோர்ட்டேஷன். பெயரே மயக்குகிறது. 1993-இல் பென்னட், பிராசார்டு முதலிய ஆறு அறிவியலார் இதன் கோட்பாட்டை வெளியிட்டனர். 1997-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் சைலிங்கர் குழுவினர் ஒளித்துகளைக் கொண்டு அதைச் செய்து காட்டினர். 2017-இல் சீன அறிவியலார் தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு, 1,400 கிலோமீட்டர் வரையிலான தொலைவில் இதை நிகழ்த்தினர். சைலிங்கருக்கு 2022-இல் நோபல் பரிசும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இவை யாவும் மெய், வியப்புக்குரியவை. ஆனால் அங்கே சென்றது என்ன? துகள் செல்லவில்லை. ஒரு துகளின் நிலை, மறு முனையில் இருக்கும் வேறொரு துகளின்மேல் ஏறியது. அதற்காக, ஒன்றோடொன்று பிணைந்த இரு துகள்களை இரு முனைகளும் பங்கிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல், வழக்கமான முறையில் ஒரு செய்தியும் போய்ச் சேர வேண்டும். அது சேரும்வரை மறு முனையில் இருப்பவர் கையில் பயனுள்ளது எதுவும் இல்லை. இப்பக்கத்துத் துகளின் பழைய நிலையோ அழிந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இவ்வளவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மனிதனை அனுப்பும் பொறி வந்துவிட்டது என்று பறைசாற்றியவர்கள் வேறு சிலர். அவர்கள் மனத்தில் இருப்பது 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் காட்சி. வாரந்தோறும் விண்கலம் தரையிறங்குவதைப் படமெடுக்கப் பணம் போதாமையால் புகுத்தப்பட்ட உத்தி அது. படப்பிடிப்புச் செலவைக் குறைக்கப் பிறந்த ஒன்றை மனித குலத்தின் எதிர்காலம் என்று கொள்ளலாகாது.

முன்னே நடந்து போன பொருள்

இன்னும் ஒரு சான்று எஞ்சியுள்ளது, அதுவே வலுவானது. 2014 டிசம்பரில், விண்வெளி நிலையத்திலிருந்த வீரர் ஒருவருக்குத் திருகுமுடுக்கி ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனம் அதன் வடிவ விவரத்தைத் தரையிலிருந்து மின்வழியே அனுப்பியது. நிலையத்திலிருந்த முப்பரிமாண அச்சுப்பொறி சுமார் நான்கு மணி நேரத்தில் பிளாஸ்டிக்கில் அதைச் செய்து கொடுத்தது. மறு ஆண்டு, 2015-இல், இத்தகைய அச்சில் உருவான மாத்திரை ஒன்றுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. “இதோ, பொருள் மின்வழியே சென்றுவிட்டதே!” என்று ஆர்ப்பரித்தனர்.

ஆர்ப்பரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. அந்த அச்சுப்பொறி எவ்வாறு விண்ணுக்குப் போனது? 2014 செப்டம்பரில் ஏவுகணையில் ஏற்றி அனுப்பினார்கள். பிளாஸ்டிக் இழை எவ்வாறு போனது? அதையும் ஏற்றித்தான் அனுப்பினார்கள். திருகுமுடுக்கியின் எடை முழுவதும் நெருப்பைக் கக்கும் ஊர்தியின் முதுகில் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. டிசம்பரில் போனது அதன் உருவம் மட்டுமே.

இங்கேதான் என் மறுப்பின் உயிர்நாடி உள்ளது. மின்வழியே எதை அனுப்பினாலும், அதற்கு முன்னே ஒரு பொருள் சுமக்கப்பட்டு அங்கே போயிருக்க வேண்டும். தந்திக்கு முன்னே கம்பமும் கம்பியும் போயின. மணியார்டருக்கு முன்னே அஞ்சலகப் பெட்டியில் ரூபாய் போனது. குவாண்டம் சோதனைக்கு முன்னே பிணைந்த துகள் போனது. அச்சுக்கு முன்னே பொறியும் மூலப்பொருளும் போயின. சுமப்பவர் இல்லாத இடத்துக்குக் கம்பியாலும் எதையும் அனுப்ப இயலாது.

இது வெறும் கோட்பாடு என்று கருதுவோர் 2017 நவம்பர் 30-ஆம் நாளை நினைவுகூர்க. ஒக்கிப் புயல் நம் கடலைப் புரட்டிய நாள் அது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, இரவிபுத்தன்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் எச்சரிக்கை என்பது சொல். காற்றின் வழியே நொடியில் செல்லக்கூடியது. ஆனால் கைபேசியின் எல்லைக்கு அப்பால், நூற்றுக்கணக்கான கடல்மைல் தொலைவில் இருந்த படகுகளில் அச்சொல்லை ஏற்கும் கருவி இல்லை. கருவி என்பது பொருள். அதைக் கரையிலேயே யாராவது வாங்கி, கொண்டுவந்து, படகில் பொருத்தியிருக்க வேண்டும். முன்னே போக வேண்டிய பொருள் போகவில்லை; ஆகையால் பின்னே போன சொல்லும் போய்ச் சேரவில்லை. அதற்குப் பின்னரே செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகளைப் பற்றிப் பரவலாகப் பேசத் தொடங்கினர்.

அப்புயலில் மாண்டோரின் உடல்கள் சில, கேரளக் கரையோரங்களில் அடையாளம் தெரியாத நிலையில் கிடைத்தன. உறவினரின் குருதியோடு மரபணுவை ஒப்பிட்டே இன்னார் என்று அறிந்தனர். அந்தச் சோதனையின் முடிவைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். உடலை அவ்வாறு அனுப்ப இயலாது. அதை வண்டியில் ஏற்றி, தோளில் சுமந்துதான் கல்லறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. உடல் கிடைக்காத குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் மறைந்தவரின் படம் இருக்கிறது. கைபேசியில் குரலும் இருக்கலாம். அவ்வீடுகளின் தாய்மாரிடம் போய், விவரமும் பொருளும் ஒன்றே என்று சொல்லத் துணிவார் யார்?

நகலும் தானும்

நேர்மையான எதிர்வாதி ஒருவர் இங்கே இடைமறிப்பார். “ஓர் எலெக்ட்ரானுக்கும் இன்னோர் எலெக்ட்ரானுக்கும் வேறுபாடே இல்லை என்று இயற்பியல் சொல்லுகிறது. அப்படியிருக்க, இங்குள்ள பொருளைப் போலவே அங்கே ஒன்றைச் செய்துவிட்டால், அது அதே பொருள்தானே?” இவ்வினாவைத் தட்டிக்கழிக்கலாகாது.

திருகுமுடுக்கியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. பழையது இருந்தால் என்ன, புதியது வந்தால் என்ன. திருகு முடுக்கப்பட்டால் போதும். மருந்தும் அவ்வாறே. தொலைவிலுள்ள தீவிலோ மலையூரிலோ அச்சுப்பொறியும் மூலப்பொருளும் வைத்து, வடிவத்தை அனுப்பி, செயற்கைக் காலோ மாத்திரையோ செய்ய முடியுமானால் அதைக் கைகூப்பி வரவேற்போம். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை.

ஆனால் எல்லாப் பொருளும் திருகுமுடுக்கி அல்ல. சில பொருள்களின் மதிப்பு, அவை எவ்வாறு இருக்கின்றன என்பதில் இல்லை; எங்கே இருந்தன, யார் கையில் இருந்தன என்பதில் உள்ளது. கோட்டாற்றுக் கோவில் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் புனித சவேரியாரையே சான்றுக்கு அழைப்போம். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் அவர் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக மறு ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். அவருடைய மடல்களை ஐரோப்பாவில் படியெடுத்துப் பல இடங்களில் படித்தனர். படித்தவர் மூல மடலைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. படியும் அதே சொல்லைத் தந்தது. சொல்லின் இயல்பு அது.

அவரது உடலின் கதை வேறு. 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையருகே சான்சியன் தீவில் அவர் உயிர் நீத்தார். உடல் அங்கிருந்து மலாக்காவுக்கும், 1554-இல் கோவாவுக்கும் கப்பலில் வந்தது. 1614-இல் வலது முன்கை மட்டும் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்றும் அது அங்கே இயேசு சபையாரின் ஜெசு ஆலயத்தில் உள்ளது. நம் முன்னோர்மேல் நீர் வார்த்த கை அது. 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை கோவாவில் அவரது உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. தெளிவான படங்களும் நேரடி ஒளிபரப்பும் வீட்டிலிருந்தே காணக் கிடைத்தன. ஆயினும் மக்கள் நெடுந்தொலைவு சென்று வரிசையில் நின்றார்கள். அந்தக் கையின் ஒவ்வோர் அணுவையும் படியெடுத்து வேறொரு கையைச் செய்தாலும், அந்தக் கை ஒருவருக்கும் திருமுழுக்குக் கொடுத்ததில்லை. இந்த வேறுபாட்டை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பாட்டியின் செபமாலையைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

மனிதனுக்கு வரும்போது இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. இங்கே ஒருவனைப் படித்து அங்கே அவனைப் போன்ற ஒருவனைச் செய்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். இங்குள்ளவன் உயிரோடு இருந்தால் இருவர் ஆகிவிடுவர். மனைவிக்குக் கணவன் யார்? இங்குள்ளவனை அழித்துவிட்டால், அது பயணமா, கொலையா? கூடு விட்டுக் கூடு பாயும் சித்தர் கதைகளில்கூட, பாய்ந்த உயிர் ஒன்றே. விட்டுவந்த கூட்டைக் காவல் காக்க ஆளும் உண்டு. நம் பொறியியலாரின் கற்பனையில் உயிரைப் பற்றிய கேள்வியே எழவில்லை. மனிதன் என்பவன் ஒரு விவரத் தொகுப்பு என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அதன்பின் அத்தொகுப்பை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். நாம் மறுக்க வேண்டியது அந்த முதல் முடிவை.

ஆசீரும் அப்பமும்

திருச்சபை இவ்வினாவை நடைமுறையில் எதிர்கொண்டு, தெளிவான கோடு ஒன்றையும் கிழித்துள்ளது. திருத்தந்தை வழங்கும் ‘ஊருக்கும் உலகுக்கும்’ ஆசீரை வானொலி வழியும் தொலைக்காட்சி வழியும் பெறலாம். ஆசீர் சொல்லாகையால் அது தொலைவைக் கடக்கும். நூற்றுவர் தலைவனின் பணியாளைத் தொலைவிலிருந்தே ஒரு சொல்லால் ஆண்டவர் நலமாக்கினார் அன்றோ? ஆனால் 2002-இல் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை இணையத்தைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி உரைத்தது. நீரின்றித் திருமுழுக்கு இல்லை. அப்பமின்றி நற்கருணை இல்லை. தொலைபேசியில் ஒப்புரவு இல்லை.

2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் கோவில்கள் அடைக்கப்பட்டபோது இக்கோட்டின் பொருளை நாம் உடலால் உணர்ந்தோம். மார்ச் 27-ஆம் நாள் ஆளற்ற பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று செபித்ததைத் தொலைக்காட்சியில் கண்டு கண்ணீர் விட்டோம். அது வீண் அன்று. அந்தச் சொல் நம்மைத் தேற்றியது. ஆயினும் ஞாயிறுதோறும் திரையின் முன் அமர்ந்து, ஆன்மீக முறையில் நற்கருணை வாங்கும் செபத்தைச் சொன்னபோது, நம் நாவில் அப்பம் இல்லை என்பதை அறிந்தே இருந்தோம். அந்தப் பசி நல்ல பசி. ‘திரையில் பார்த்தாலே போதும்’ என்று அப்பசியை மறந்துவிட்டவர்கள் இன்றும் சிலர் உண்டு. அவர்களை எண்ணியே கவலைப்பட வேண்டியுள்ளது.

சுமப்பவரை மறவாதிருப்போம்

அதே 2020-இல் ஈரான் நாட்டில் மீன்பிடி வேலைக்குச் சென்ற தமிழக மீனவர் பலர், நம் மாவட்டத்தார் உட்பட, ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். அவர்களுடைய குரல் வந்தது. முகம் கைபேசியில் வந்தது. வேண்டுகோள் காணொளியாக வந்தது. ஆள் வரவில்லை. கடைசியில் கடற்படையின் ஜலாஷ்வா என்னும் கப்பல் போக வேண்டியிருந்தது. 600-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு, சூலை முதல் நாள் அது தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. மின்வழியே வந்த குரல்களின் பயன் யாதெனில், அந்தக் கப்பலை அனுப்பச் செய்ததே. சொல்லின் உண்மையான பணி இதுதான்: பொருளையும் ஆளையும் நகர்த்தும்படி மனிதரைத் தூண்டுவது. அப்பணியை விடுத்து, பொருளின் இடத்தில் தானே அமர முயலும்போது சொல் பொய்யாகிறது.

பொருள் மின்வழியே வந்துவிடும் என்ற நம்பிக்கையின் தீமை, எதிர்காலத்தைப் பற்றியது மட்டும் அன்று. நாம் அரைகுறையாக அதை இப்போதே நம்பத் தொடங்கிவிட்டோம். கைபேசியைத் தட்டினால் சோறு வருகிறது, சேலை வருகிறது என்கிறோம். கைபேசி எதையும் கொண்டுவரவில்லை. நாகர்கோவில் வெயிலில் முதுகில் பெட்டியோடு இருசக்கர வண்டி ஓட்டிவரும் இளைஞன் கொண்டுவருகிறான். பழைய திருவிதாங்கூர் அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடிவந்தபோது வழியிலிருந்தோர் விலகி நின்று மதித்தனர். அந்த அஞ்சல் 1951-இல் இந்திய அஞ்சலோடு இணைந்தது. தந்தியும் 2013 சூலையில் நின்றது. ஆனால் ஓடுகிறவர் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். மணி மட்டும் இல்லை. ஆகையால் அவர் நம் கண்ணில் படுவதில்லை. கால் மணி நேரம் தாமதித்தால் ஏசுகிறோம்.

ஆகவே நம் படித்த இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. பொருளைக் கம்பியில் ஏற்றும் கனவுக்குச் செலவிடும் அறிவைச் சுமப்பவரின் சுமையைக் குறைக்கச் செலவிடுங்கள். ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் எச்சரிக்கை பெறும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா, அது வேலை செய்கிறதா என்று அவரவர் ஊரில் போய்ப் பாருங்கள். அதற்குக் கோட்பாடு தேவையில்லை, கால் நடந்தால் போதும். பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். வளைகுடாவிலிருக்கும் பிள்ளை பணமும் குரலும் அனுப்புகிறான் என்றால், அவனால் அனுப்ப முடிந்ததை அனுப்பிவிட்டான். அவன் வீட்டில் நோயுற்றுக் கிடக்கும் முதியவரை எழுப்பி உட்கார்த்தவும், மருந்து வாங்கி வரவும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் உடலோடு ஒருவர் அங்கே வேண்டும். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நாம் அந்த வேலையைச் செய்ய எழுந்து போக வேண்டும்.